காய்ந்த ஓலையிலிருந்து முதல் சதுரம் வரை: ஹவாயின் லௌஹலா முடைதல், படிப்படியாக

ஹவாய்த் தீவின் ஹிலோ நகரில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு முடைச்சல் வகுப்புக்கு ஆறு வருடமாகப் போய்வருகிறேன். கடைசி இரண்டு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓலை தயாரிக்கக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது, "எப்போது முடைய ஆரம்பிப்போம்?" என்றுதான். அன்றைக்கு முடிவதில்லை. முடைச்சல் கோணிப்போனது, ஓலை வெடித்தது, ஓரம் பிரிந்தது என்று பிறகு அவர்கள் கொண்டுவந்து காட்டும் பொருள்களில் பெரும்பாலும் தவறு ஓலையைத் தயார் செய்த இடத்திலேயே நடந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் முடைவதற்கு முந்தைய வேலைதான்.

ஹலா என்றால் தாழை. நம் கடலோரத் தாழைக்கு மிக நெருங்கிய உறவு. ஆண் மரத்தின் பூவுக்கு அங்கே ஹீனனோ என்று பெயர். நாம் தாழம்பூ என்று தலையில் வைக்கும் அதே வகைப் பூ. லௌ என்றால் இலை. ஆக, லௌஹலா என்பது தாழை ஓலை. அதை முடைவதை உலானா என்கிறார்கள். ஊரில் தாழம்பாய் முடைகிறவர்களைப் பார்த்திருந்தால் இதில் பல படிகள் பழக்கமானவையாகத் தெரியும்.

நாம் செய்யப்போவது தம்ளர் வைக்கிற அளவில் நாலரை அங்குலச் சதுரம் ஒன்று. சின்னதுதான், ஆனால் பாய்க்கும் பைக்கும் தொப்பிக்கும் தேவையான கைப்பழக்கம் எல்லாம் இதில் வந்துவிடும். ஓலை கையில் கிடைத்த பிறகு, நடுவில் இரண்டு இரவு காத்திருக்க வேண்டியிருப்பதால், குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள்.

1. எடுத்து வைக்க வேண்டியவை

தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. துணிக் கையுறை வேண்டாம். தாழை முள் அதைத் தாண்டி ஏறும்.

கத்தரிக்கோல், சிறிய கூரான கத்தி, பழைய துண்டு, ஒரு வாளித் தண்ணீர், தெளிப்பான் பாட்டில், அடிக்கோல், பென்சில், பத்துப் பதினைந்து துணிக் கிளிப். ஓரம் செருகுவதற்கு முனை மழுங்கிய தட்டையான ஏதாவது ஒன்று. நான் வெண்ணெய் தடவும் கத்தியின் நுனியை மெலிதாகத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

ஓலையை இழுத்து இளக்க ஒரு அங்குல இரும்புக் குழாய் வேண்டும். அதை மேசை ஓரத்தில் அசையாமல் கட்டிவிடுங்கள். குழாய் ஆடினால் ஓலை ஒரு பக்கம் மட்டும் மடிந்து கோடு விழும்.

கடைசியாக, கீற்றுக் கிழிக்கும் கருவி. சரியாக அரை அங்குலம் அகலமுள்ள மரத்துண்டின் இரு பக்கமும் ஒவ்வொரு பிளேடு வைத்து, முனைகள் சிறிதளவு வெளியே நீட்டும்படி திருகினால் போதும். அடிக்கோல் வைத்துக் கையால் வெட்டலாம் என்று தோன்றும். ஆனால் இந்தச் சதுரத்துக்கு வேண்டிய பதினெட்டுக் கீற்றும் ஒரே அகலத்தில் வராது. அரைக்கால் அங்குல வித்தியாசம்கூட ஒன்பதாவது வரிசையில் பெரிய கோணலாக நிற்கும்.

2. மரத்தடிக்குப் போகும் முன்

நான் ஓலை எடுப்பது ஹிலோவுக்குத் தெற்கே உள்ள பூனா மாவட்டத்தின் கரையோரம். ஹலா காடுகளுக்குப் பெயர் போன இடம். அங்கே யாருடைய நிலத்திலும் கேட்காமல் கை வைக்கக்கூடாது. நில உரிமையாளரிடம் கேட்ட பிறகு மரத்திடமும் கேட்க வேண்டும் என்று நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடும் என் ஆசிரியை முதல் நாளே சொன்னார். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்று, எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கை வைப்பார். நானும் அப்படியே செய்கிறேன். ஒரு நிமிடம் நின்று மரத்தைப் பார்த்தால் எங்கே குளவிக்கூடு இருக்கிறது, எந்த ஓலை எடுக்கத் தகுந்தது என்பதும் கண்ணில் படும்.

ஹவாய்த் தீவில் சிறு நெருப்பெறும்பு ஒரு பெரிய தொல்லை. 1999-இல் பூனாவில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறியது. ஓலையை இழுத்ததும் மேலிருந்து கழுத்தில் கொட்டும். ஒரு குச்சியில் கடலை வெண்ணெயை லேசாகத் தடவி மரத்தின் கவட்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். எறும்பு ஏறியிருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு வந்த ஒருவர் கண்ணிமை வீங்கி இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

இன்னொன்று, தாழையைத் தாக்கும் செதில் பூச்சி. 1995-இல் மாவி தீவின் ஹானா பகுதியில் தென்பட்டது, பிறகு மற்ற தீவுகளுக்கும் பரவியது. இலையின் அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியதுபோல் இருக்கும். மரம் மெல்ல நலிந்துவிடும். ஒரு தீவின் ஓலையையோ கன்றையோ இன்னொரு தீவுக்கு எடுத்துப் போகாதீர்கள். நண்பருக்குப் பரிசாகக்கூட வேண்டாம்.

3. எந்த ஓலையை எடுப்பது

மரத்திலேயே பழுத்து, பழுப்பாகி, கீழ்நோக்கித் தொங்கும் ஓலைதான் வேண்டும். மெதுவாக இழுத்தால் கழன்று வர வேண்டும். பலமாக இழுக்க வேண்டியிருந்தால் அது இன்னும் தயாராகவில்லை, விட்டுவிடுங்கள்.

தரையில் கிடப்பதைப் பொறுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சுலபமாகக் கிடைக்கிறது, பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மண் ஈரத்தில் அதன் நார் ஏற்கெனவே இற்றிருக்கும். வளைத்துப் பார்த்தால் தெரியாது. கீற்றாகக் கிழித்து இறுக்கும்போதுதான் அறுந்து போகும். கறுப்புப் புள்ளி விழுந்ததும் வேண்டாம், அது பூஞ்சை.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். ஓலையின் அடிப்பாகம் மரத்தைச் சுற்றிக் குழிபோல் இருக்கும், அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். ஹிலோ பக்கம் மழை ஓயாத ஊர், அதனால் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு போவது நல்லது.

இந்தச் சதுரத்துக்கு இரண்டு ஓலை போதும். முதல் தடவை ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். வந்த வேலையோடு அந்த மரத்தில் மாட்டிக்கிடக்கும் இற்றுப்போன பழைய ஓலைகளையும் உருவிப் போட்டுவிட்டு வாருங்கள். அப்போதுதான் அடுத்து பழுக்கும் ஓலை காற்றும் வெயிலும் பட்டுச் சுத்தமாகக் காயும். நல்ல முடைச்சல்காரர் ஒவ்வொருவருக்கும் அவர் பராமரிக்கும் மரம் என்று ஒன்றிரண்டு இருக்கும்.

4. நறுக்கி, முள் எடுப்பது

முதலில் அடியைக் கத்தரியுங்கள். மரத்தைப் பற்றியிருந்த வெளிறிய, தடித்த பகுதி முழுதும் போக வேண்டும். அது எத்தனை இழுத்தாலும் இளகாது. பிறகு நுனி. சாட்டைபோல் மெலிந்து போகும் இடத்தில் வெட்டிவிடுங்கள்.

இப்போது முள். தாழை ஓலையில் மூன்று வரிசை உண்டு: இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, அடிப்புறம் நடு நரம்பில் ஒன்று. நடு நரம்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஓர முள்ளை எடுத்துவிட்டு "சரி, முடிந்தது" என்று உள்ளங்கையால் ஓலையின் அடியைத் தடவுவார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவருக்காவது இது நடக்கிறது.

ஓர முள் ஓலையின் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதனால் அடியிலிருந்து நுனிக்குக் கை போனால் வழுக்கும், எதிர்த் திசையில் போனால் கிழிக்கும். நடு நரம்பின் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அந்தந்த ஓலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரத் துண்டால் ஓலையை ஒருமுறை துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். காய்ந்த ஓலை கத்தி பட்டதும் குறுக்கே வெடிக்கும். அடிப்பக்கத்தில் முள் வரிசைக்குச் சற்று உள்ளே கத்தி நுனியால் ஒரு வெட்டு போட்டு, அந்த ஓரத்தைப் பிடித்து நுனியை நோக்கி இழுத்தால் நீளமாக உரிந்து வரும். தாழையின் நரம்புகள் இணைகோடாக ஓடுவதால் கிழிசல் தானே நேராகப் போகும். ஆனால் இழுக்கும் கை ஓலைக்கு இணையாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்த்து இழுத்தால் கிழிசல் ஓரத்திலேயே முடிந்து முள் பாதியில் நின்றுவிடும்.

நடு நரம்புக்கு அதன் இரு பக்கமும் ஒவ்வொரு வெட்டு போட்டு, நரம்பை மொத்தமாக உருவிவிடுங்கள். ஓலை இரண்டு பாதியாகும். தொப்பி முடைகிறவர்கள் முள்ளை மட்டும் சீவிவிட்டு ஓலையை முழுதாக வைத்துக்கொள்வார்கள், நமக்கு இப்போது அது தேவையில்லை.

5. துடைத்து இளக்குவது

மண், பூச்சி எச்சம், பாசி எல்லாம் போகும்வரை ஈரத் துண்டால் இரு பக்கமும் துடையுங்கள். துண்டைப் பிழிந்து பிழிந்து துடைப்பது முக்கியம். வாளியில் ஓலையை ஊறப்போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பது இயல்பு. ஊறிய ஓலை உப்பிவிடும். அந்த நிலையில் முடைந்தால் காய்ந்ததும் சுருங்கி, கீற்றுக்குக் கீற்று வெளிச்சம் தெரியும். கைக்கு லேசான குளிர்ச்சி தெரிகிற அளவு ஈரம் போதும். நத்தை ஊர்ந்த தடம் இருந்தால் அந்த ஓலையை வேண்டாம் என்று ஒதுக்குங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனாவில் நத்தை வழியாகப் பரவும் எலி நுரையீரல் புழு நோய் உண்டு.

அப்புறம் குழாய். பாதி ஓலையின் இரு முனையையும் இரு கையில் பிடித்து, குழாயின் மேல் முன்னும் பின்னுமாக இழுங்கள், காலணிக்குப் பாலீஷ் போடும்போது துணியை இழுப்பதுபோல. பளபளப்பான பக்கம் பத்து தடவை, திருப்பி மங்கலான பக்கம் பத்து தடவை. ஆரம்பத்தில் மொடமொடவென்று சத்தம் வரும். இளக இளகச் சத்தம் குறையும். சத்தம் நின்று, ஓலை தோல் வார்போலக் கையில் விழுந்தால் தயார்.

இந்தப் படியில் கை வலிக்கும், அதனால் ஐந்தாறு தடவையில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதன் விலை பத்தாவது படியில் தெரியும்: ஓரத்தை மடிக்கும் இடத்தில் ஓலை முறியும். ஒரு பாதி ஓலையை விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிப்பு ஒன்றும் விழாமல் சுற்ற முடிந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

6. சுருட்டி வைப்பது

இளக்கிய ஓலையைப் பளபளப்பான பக்கம் வெளியே தெரியும்படி, உள்ளங்கையளவு வட்டமாக இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டுங்கள். நிறைய ஓலையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வண்டிச் சக்கரம்போலப் பெரிதாகச் சுருட்டி வைப்பதற்குக் கூக்க-அ என்று பெயர்.

இது வெறும் சேமிப்பு முறை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஓலை இயல்பில் நீளவாக்கில் குழிந்திருக்கும். ஓர் இரவு சுருளில் இருந்தால் அந்தக் குழிவு போய்த் தட்டையாகும். தட்டையாகாத ஓலையில் கிழிப்பான் நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் போகும்.

சுருட்டும் முன் ஈரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் நடுவில் பூஞ்சை பிடிக்கும். நெடுநாள் வைப்பதாக இருந்தால் பையில் கட்டிச் சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். உள்ளே இருக்கும் பூச்சியும் முட்டையும் அழியும். பிறகு காற்றாட வைக்க வேண்டும்.

7. கீற்றாகக் கிழிப்பது

சுருளைப் பிரித்து, ஓலையை 12 அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். முடைந்தபின் சதுரம் 4½ அங்குலம். மீதி இரு பக்கமும் மடித்துச் செருகத் தேவைப்படும். இதைக் குறைத்தால் கடைசியில் பிடிக்க முனை இருக்காது.

மங்கலான பக்கம் மேலே இருக்கும்படி பலகைமேல் வையுங்கள். ஒரு முனையில் ஒரு அங்குலம் விட்டுக் கிழிப்பானின் இரண்டு பிளேடையும் ஒரே சமயத்தில் இறக்கி, கிழிப்பானை அசைக்காமல் ஓலையை இழுங்கள். விட்ட அந்த ஒரு அங்குலம் கீற்றுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும், சிக்காது, பிறகு கத்தரித்துக்கொள்ளலாம். பிளேடு ஓலையின் நரம்போடு இணையாக இறங்க வேண்டும். சாய்ந்தால் கீற்றின் ஓரத்தில் நார் நாராகப் பிசிறும்.

22 கீற்று எடுத்து அதில் நல்ல 18 பொறுக்குங்கள். தடிமன் ஒன்றாக இருக்கிறதா என்று விரலால் பாருங்கள். நிறம் மாறினால் பரவாயில்லை; ஒரே மரத்து ஓலையிலும் வெளிர் பழுப்பு முதல் செம்பழுப்பு வரை வரும். ஒவ்வொன்றின் மங்கலான பக்கத்திலும் நடு மையத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

8. முடைவது

ஒன்பது கீற்றைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்க, இடைவெளி விடாமல் நெட்டாக அடுக்குங்கள். இதுதான் பாவு. மேல் முனைகளின்மேல் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள்.

ஊடையை, அதாவது பாவுக்குக் குறுக்கே போகும் மற்ற ஒன்பது கீற்றை, நடுவிலிருந்து தொடங்குங்கள். மேல் ஓரத்திலிருந்து தொடங்கிக் கீழே வந்தால் ஒவ்வொரு வரிசையிலும் சேரும் சின்னச் சாய்வு கடைசியில் சதுரத்தை முறம்போல ஆக்கிவிடும். நடுவிலிருந்து இரு பக்கமும் போனால் அந்தப் பிழை பாதியாகும்.

முதல் ஊடை, நடு வரிசை: முதல் பாவுக்கு அடியில், இரண்டாவதுக்கு மேலே, மூன்றாவதுக்கு அடியில் என்று போய் ஒன்பதாவதுக்கு அடியில் முடியும். மையக் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று வருகிறதா பாருங்கள். அடுத்த ஊடை இதற்கு நேர்மாறாக, முதல் பாவுக்கு மேலே தொடங்கும். நடுவுக்கு மேலே நாலு, கீழே நாலு. இந்தக் கணக்கில் போட்டால் நாலு மூலையிலும் பாவுதான் மேலே நிற்கும். ஓரம் மடிக்கும்போது இது உதவும்.

ஒவ்வொரு ஊடையையும் போட்டதும் நடுவை நோக்கித் தள்ளி நெருக்குங்கள், கீற்றை இழுத்து அல்ல. இழுத்தால் சுற்றியுள்ள பாவெல்லாம் ஒரு பக்கம் நகரும். ஒரு கீற்று எங்கேயாவது தொடர்ந்து இரண்டு கட்டம் மேலே தெரிந்தால் அங்கே தப்பு. அந்த வரிசைவரை பிரித்துச் சரி செய்யுங்கள். விட்டுவிட்டுப் போனால் ஓரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஓலை முறுகினால் ஒரு தெளிப்பு தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம்.

கோபத்தோடு முடையாதே என்பது என் ஆசிரியை அடிக்கடி சொல்லும் பேச்சு. உண்மையில் கை இறுகும்போது முடைச்சலும் ஒரு பக்கம் இறுகுகிறது. மனம் சரியில்லாத நாளில் நான் ஓலை துடைப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

9. ஓர் இரவு விட்டு, மறுபடி இறுக்குவது

நாலு மூலையிலும் கிளிப் போட்டு, மேலே புத்தகம் வைத்து இரவு விடுங்கள். காலையில் கட்டங்களுக்கு இடையே நூலிழை அளவு இடைவெளி தெரியும். கொஞ்சம் ஈரமாவது இருந்ததால் சுருங்கியிருக்கிறது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு கீற்றாக மறுபடி நெருக்குங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் அது சதுரம். இல்லையென்றால் நீளமான மூலைகளைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள்.

ஓரம் மடித்த பிறகு இதைச் செய்ய முடியாது. அதனால்தான் இந்த இரவு.

10. ஓரம் மடிப்பது

விதி ஒன்றுதான். ஓரத்தில் மேலே நிற்கும் முனை பின்பக்கம் மடியும். அடியில் நிற்கும் முனை முன்பக்கம் மடியும். கடைசிக் குறுக்குக் கீற்றை அணைத்துக்கொண்டு போவது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மடிக்கிறோம் என்று நினைத்தால் மறக்காது. மாற்றி மடித்தால் முனை எதையும் பிடிக்காது, கடைசிக் கீற்று அப்படியே வெளியே நழுவி வரும். எல்லா முனையையும் அழகுக்காகப் பின்பக்கமே மடிக்கிறவர்களின் சதுரம் ஒரே வாரத்தில் பிரிவது இதனால்தான்.

மடிக்கும் கோட்டை மட்டும் ஈர விரலால் தொடுங்கள். ஒரு நிமிடம் கழித்து மடியுங்கள். முனையைக் கூராகச் சீவி, அது வந்த வழியிலேயே திருப்பி, ஓரத்திலிருந்து மூன்றாவது குறுக்குக் கீற்றின் அடியில் செருகுங்கள். மழுங்கிய கத்தியால் அந்தக் கீற்றை லேசாகத் தூக்கிக்கொண்டால் சுலபமாக நுழையும். வெளியே நீட்டுவதை இழுத்து இறுக்கி, கீற்றின் ஓரத்தோடு ஒட்டக் கத்தரியுங்கள். இறுக்கும் முன் கத்தரித்தால் முனை உள்ளே போய் மறைந்து, பிறகு வெளியே எகிறும்.

முதலில் பாவு முனைகளை மேலும் கீழும் முடியுங்கள், அப்புறம் ஊடை முனைகள். மூலைகளில் இரண்டும் சேர்ந்து சற்றுத் தடிக்கும். அங்கே செருகும் முனையை மற்றவற்றைவிட மெலிதாகச் சீவிவிடுங்கள். முன்பக்கம் மடிந்த முனைகளின் மங்கலான முகம் வெளியே தெரியும். அதனால் ஓரம் முழுக்கப் பளபளப்பும் மங்கலும் மாறி மாறி ஒரு கரைபோல வரும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

11. அடுத்து

இதே சதுரத்தை நாலைந்து தடவை செய்துவிட்டு, பாவை வெளிர் ஓலையிலும் ஊடையைக் கரும் ஓலையிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு நிறத்தில் உருவம் எழுப்பும் இந்த முறைக்கு அனோனி என்று பெயர். இதில் கிளாடிஸ் கூகானா கிரேஸ் முடைந்த தொப்பிகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். 2010-இல் அமெரிக்காவின் நேஷனல் ஹெரிட்டேஜ் ஃபெலோஷிப் என்ற மரபுக்கலை விருதைப் பெற்றவர். உருப்பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கீற்றும் ஒரே அகலம். ஏழாவது படியில் நான் ஏன் அத்தனை பேசினேன் என்று அப்போது புரியும்.

தொப்பிக்கு அவசரப்படாதீர்கள். அதன் உச்சியில் தொடங்கும் மையத்தைப் பிக்கோ, அதாவது தொப்புள், என்கிறார்கள். அதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்டித்தான் கற்க முடியும்.

செய்து முடித்த சதுரத்தைப் பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள், காற்று வேண்டும். தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்து நிழலில் காயவையுங்கள். அடிக்கடி எடுத்துப் புழங்குங்கள். கைபட்டுக் கைபட்டு ஓலை இன்னும் இளகி, நிறம் கொஞ்சம் ஆழமாகும். முதல் சதுரத்தை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்பது எங்கள் வகுப்பின் வழக்கம். என்னுடையது ஆன்ட்டியின் சமையலறை மேசையில் இருக்கிறது. ஒரு மூலை இன்னும் தடித்துத்தான் இருக்கிறது.